சிரிக்க வைக்கும் கார்டுகள்: விளையாடவும் சுவைக்குமா?

கார்டு கேம் என்று பேச்சு எடுத்தாலே பலரும் கேட்பது, "எந்தக் கார்டு பலமானது?" என்பதுதான். இந்தக் கட்டுரையில் வேறொரு கேள்வியை எடுத்துக் கொள்ளலாம். படித்தவுடன் சிரிப்பு வரும்படி விதி எழுதப்பட்ட கார்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை மேஜையில் வைத்து விளையாடும்போதும் அந்தச் சுவை கிடைக்கிறதா? அல்லது ஒரு முறை படித்துச் சிரித்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டியதுதானா?

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு கேம் வாங்கித் தர எண்ணுபவர்களுக்கும், வேர்ட் தொகுப்பில் தாங்களே கார்டு வடிவமைத்து பிரிண்ட் எடுத்து விளையாட விரும்புபவர்களுக்கும் இந்தக் கேள்விக்கான பதில் உதவும். இதை ஆராய எக்செல் தொகுப்பும், பள்ளியில் படித்த நிகழ்தகவும் போதும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிரேடிங் கார்டு கேம் என்றால் என்ன?

சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் ஒரே 52 சீட்டுகள்தான். டிரேடிங் கார்டு கேமில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான கார்டுகளில் இருந்து ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கட்டைத் தயாரித்துக் கொண்டு வருவார். ஒவ்வொரு கார்டிலும் அதற்கான விதி அச்சாகி இருக்கும். இந்த வகையைத் தொடங்கி வைத்தது 1993-ல் ரிச்சர்ட் கார்பீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மேஜிக்: த கேதரிங். வழக்கமான ஆட்டத்தில் ஒருவருக்குக் குறைந்தது 60 கார்டுகள், 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைப் பூஜ்யம் ஆக்கினால் வெற்றி.

விதி கார்டிலேயே இருப்பதால் ஒரு வசதி உண்டு. புதிய கார்டு ஒன்றை அச்சிட்டால் புதிய விதி ஒன்று வந்துவிடும். அந்த விதி ஏன் ஒரு ஜோக்காக இருக்கக் கூடாது என்ற கேள்விக்கு வடிவம் கொடுத்தவர் அதே நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர். அவர் தலைமையில் 1998-ல் அன்க்ளூட் என்ற தொகுப்பு வந்தது. 2004-ல் அன்ஹிஞ்ட், 2017-ல் அன்ஸ்டேபிள், 2022-ல் அன்பினிட்டி எனத் தொடர்ந்தது. முதல் மூன்று தொகுப்புகளின் கார்டுகளுக்கு வெள்ளி நிற விளிம்பு இருக்கும். "இது விளையாட்டுக்கு மட்டும், போட்டிக்கு அல்ல" என்பதற்கான அடையாளம் அது.

படிக்கும் சிரிப்பும் ஆடும் சிரிப்பும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கார்டில் நகைச்சுவை இரண்டு இடங்களில் இருக்கலாம். பெயரிலும் படத்திலும் இருப்பது ஒரு வகை. விதியிலேயே இருப்பது இன்னொரு வகை.

முதல் வகையால் ஆட்டத்திற்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது சீக்கிரம் தீர்ந்து போகும். ஒரே ஜோக்கைப் பத்தாவது முறை கேட்டால் யார் சிரிப்பார்? இரண்டாவது வகைதான் சிக்கலானது. அது ஆட்டத்தின் போக்கையே மாற்றும். எனவே, "இந்த விதியால் விளையாடுபவர் என்ன செய்யத் தூண்டப்படுகிறார்?" என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் கழுதை ஆட்டத்தில் தோற்றவர் கழுதை ஆகிறார். கேலி ஆட்டம் முடிந்த பிறகு வருவதால், ஆடும்போது யாருடைய கையையும் வாயையும் அது கட்டுவதில்லை. விதிக்குள் கேலியை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதோ ஓர் எடுத்துக்காட்டு.

சிரித்தால் தண்டனை

அன்ஹிஞ்ட் தொகுப்பில் "காட்சா" என்றொரு விதி உண்டு. "மாட்டிக்கிட்டியா!" என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கார்டைப் பயன்படுத்தி முடித்தபின் அது கழித்துப்போட்ட அடுக்கிற்குப் போய்விடும். அதன்பின் எதிராளி குறிப்பிட்ட ஒன்றைச் செய்தால் நீங்கள் "காட்சா!" என்று கத்தி, கார்டை மீண்டும் கைக்கு எடுத்துக் கொள்ளலாம். ஒரு கார்டுக்கு எதிராளி ஏதாவது எண்ணைச் சொல்ல வேண்டும். லாபிங் ஹைனா என்ற கழுதைப்புலிக் கார்டுக்கு எதிராளி சிரிக்க வேண்டும்.

படிக்கும்போது மிக அருமையான யோசனை. எதிராளியைச் சிரிக்க வைக்க நாம் சேட்டை செய்வோம், அறையே கலகலப்பாக இருக்கும் என்றுதான் தோன்றும்.

இப்போது எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். சிரித்தால் நஷ்டம். எண் சொன்னால் நஷ்டம். அப்படியானால் வெற்றிக்கான சிறந்த வழி எது? வாயை மூடிக் கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். சிரிப்பதற்காக உருவாக்கிய ஆட்டத்தில் சிரிக்காதவர் ஜெயிக்கிறார். காட்சா ஒரு தவறான வடிவமைப்பு என்று மார்க் ரோஸ்வாட்டரே பின்னாளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணமும் இதுதான்.

இதை நான் நேரிலும் பார்த்தேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் சென்னையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். ஐந்து பேருக்கும் ஐந்து கம்பெனி, ஐந்து ஷிப்ட். அந்த ஒரு நாளை விட்டால் அடுத்த மாதம்தான். எங்களில் ஒருவனுக்குத் திக்குவாய். அலுவலகக் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டான். எங்களோடு கார்டு ஆடும்போது மட்டும் தன்னை மறந்து பேசுவான், சத்தம் போட்டுச் சிரிப்பான். வெளிநாட்டில் இருந்து வந்த நண்பன் ஒருமுறை காட்சா கார்டுகளைக் கொண்டு வந்தான். அன்று மாலை இரண்டு மணி நேரம் அவன் ஒரு சொல் கூடப் பேசவில்லை. கார்டைத் தொட்டுக் காட்டினான், தலையை ஆட்டினான். இரண்டு ஆட்டத்திலும் அவன்தான் ஜெயித்தான். கிளம்பும்போது, "அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம், கார்டு அல்ல. எனவே அடுத்த சந்திப்புக்கு முன்பாக எந்தக் கார்டு மேஜைக்கு வரலாம், எது வரக் கூடாது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கீழே இருப்பது அந்தக் கணக்குதான்.

எக்செல் தொகுப்பில் ஒரு சோதனை

அன்க்ளூட் தொகுப்பில் ஜாக்-இன்-த-மாக்ஸ் என்ற கார்டு உண்டு. இதை இறக்கச் செலவே கிடையாது. பயன்படுத்தும்போது ஆறு பக்கப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். 2 முதல் 6 வரை விழுந்தால், விழுந்த எண்ணுக்கு ஏற்ற நிறத்தில் ஒரு மானா, அதாவது மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான சக்தி, கிடைக்கும். 1 விழுந்தால் கார்டு அழிந்துவிடும். கூடவே 5 உயிர்ப் புள்ளிகளும் போய்விடும்.

இது வெறும் அதிர்ஷ்டமா, இதில் விளையாட்டும் இருக்கிறதா என்று கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. எக்செல் தொகுப்பைத் திறந்து, ஏ1 செல்லில் ரேண்ட்பிட்வீன் பங்ஷனைப் பயன்படுத்தி 1 முதல் 6 வரை ஓர் எண் வருமாறு பார்முலா அமைக்கவும்.

2. அதை எப்1 வரை ஆறு செல்களுக்குக் காப்பி செய்திடவும். ஒரு வரிசை என்பது ஆறு முறை பகடை உருட்டியதற்குச் சமம்.

3. ஜி1 செல்லில் கவுண்ட்இப் பங்ஷன் கொடுத்து, ஏ1 முதல் சி1 வரை எத்தனை 1 விழுந்துள்ளது என எண்ணச் சொல்லவும். இது முதல் மூன்று உருட்டலுக்கான கணக்கு.

4. எச்1 செல்லில் அதேபோல ஆறு உருட்டலுக்கும் எண்ணச் சொல்லவும்.

5. முதல் வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து 1,000 வரிசை வரை கீழே இழுத்து விடவும்.

6. இறுதியாக ஜி, எச் ஆகிய இரண்டு நெட்டு வரிசைகளிலும் எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று கவுண்ட்இப் மூலம் எண்ணவும்.

எப்9 கீயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய 1,000 ஆட்டங்கள் உருவாகும். லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோல், ஷிப்ட், எப்9 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தவும்.

ஜி வரிசையில் ஏறக்குறைய 579 பூஜ்யங்களும், எச் வரிசையில் ஏறக்குறைய 335 பூஜ்யங்களும் வருவதைப் பார்க்கலாம். காரணம் எளிது. ஒரு முறை தப்பிக்க வாய்ப்பு ஆறில் ஐந்து. மூன்று முறை தொடர்ந்து தப்பிக்க ஐந்தை ஆறால் வகுத்து வருவதை மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 57.9 சதவீதம். நான்கு முறைக்கு 48.2. ஆறு முறைக்கு 33.5.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? மூன்று முறை வரை தப்பிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். நான்காவதில் அது பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எனவே உருட்டத் தொடங்கும் முன் "எத்தனை முறை வரை போகலாம்?" என்ற கேள்வி எழுகிறது. தப்பித்து வந்த பிறகும் கேள்வி தீர்வதில்லை. முன்பு எத்தனை முறை தப்பித்திருந்தாலும் அடுத்த உருட்டலின் ஆபத்து அதே ஆறில் ஒன்றுதான். மாறுவது உங்கள் நிலைமை. 18 உயிர்ப் புள்ளிகள் இருக்கும்போது 5 போனால் தாங்கலாம். 5 மட்டுமே இருக்கும்போது 1 விழுந்தால் ஆட்டமே முடிந்தது. "உருட்டு, உருட்டு" என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவது அந்த நேரத்தில்தான்.

காட்சாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? அங்கே எதுவும் செய்யாமல் இருப்பவர் ஜெயிக்கிறார். இங்கே துணிந்து ஒன்றைச் செய்பவருக்குத்தான் கதையே. தவிர, முடிவு எடுப்பவரும் விளைவை அனுபவிப்பவரும் ஒருவரே.

கம்ப்யூட்டர் உருட்டும் பகடை

கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் ஆடப்படும் ஹார்த்ஸ்டோன் கேமை பிளிசார்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. பகடையையும் கணக்கையும் புரோகிராமே பார்த்துக் கொள்வதால் கையால் செய்ய முடியாத வேடிக்கைகள் இதில் சாத்தியம்.

மேட் பாம்பர் என்ற கார்டைப் பாருங்கள். இதை இறக்கினால் மூன்று குண்டுகள், இதைத் தவிர மேஜையில் இருக்கும் எவர் மீது வேண்டுமானாலும் விழும். உங்கள் நாயகனும் தப்ப முடியாது. எதிர்ப்பக்கம் 3 புள்ளி உள்ள ஒரே ஒரு படைவீரன் மட்டும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். குண்டு விழக்கூடிய இலக்குகள் மூன்று. மூன்று குண்டும் அந்த வீரன் மீதே விழ வாய்ப்பு 27-ல் 1, அதாவது 3.7 சதவீதம். உங்கள் தலையில் ஒரு குண்டாவது விழ வாய்ப்பு 27-ல் 19, அதாவது 70.4 சதவீதம்!

ஆனால் எதிர்ப்பக்கம் 3 புள்ளி உள்ள நான்கு வீரர்கள் இருந்து, உங்கள் பக்கம் யாரும் இல்லை என்றால் இலக்குகள் ஆறு. அவற்றில் ஐந்து எதிராளியுடையவை. மூன்று குண்டுகளில் சராசரியாக 2.5 அவர் பக்கம் போய்விடும். ஆக, குண்டு எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை. எப்போது போடுவது என்பது உங்கள் கையில். தீபாவளிக்குச் சரவெடி கொளுத்தும் நேரத்தை நாம் பார்த்து வைப்பது போலத்தான்.

இந்தக் கட்டுப்பாடு குறையும்போது சிக்கல் வரும். 2016-ல் வந்த யோக்-சரோன் என்ற கார்டு, அந்த ஆட்டத்தில் நீங்கள் அதுவரை போட்ட மந்திரங்களின் எண்ணிக்கைக்குச் சமமான மந்திரங்களைத் தானாகத் தேர்ந்தெடுத்துக் கண்டபடி வீசும். வேடிக்கை பார்க்க இதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் பெரிய போட்டிகளிலும் இது பயன்படுத்தப்பட்டு, மணிக்கணக்கான உழைப்பை ஒரு கார்டு புரட்டிப் போடுகிறது என்ற குறை எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், மந்திரங்களின் நடுவே யோக்-சரோன் மேஜையை விட்டு நீங்கினால் மிச்ச மந்திரங்கள் நின்றுவிடும் என விதி திருத்தப்பட்டது. சிரிப்பு அப்படியே இருந்தது. பலம் மட்டும் குறைந்தது.

இன்னொரு நல்ல பாடம் நோஸ்டோர்மு. இது மேஜையில் இருக்கும் வரை ஒவ்வொருவர் முறைக்கும் 15 வினாடிகள் மட்டுமே. அவசரத்தில் தவறான கார்டைப் போட்டுச் சிரிப்பது ஒரு சுகம்தான். ஆனால் எதிராளிக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 2021-ல் வந்த புதிய வடிவத்தில், இருவர் கட்டிலும் இந்தக் கார்டு இருந்தால் மட்டுமே 15 வினாடி விதி நடைமுறைக்கு வரும் என்று மாற்றினார்கள். இருவரும் சம்மதித்தால்தான் ஜோக் என்பதையே ஒரு விதியாக்கி விட்டார்கள் பாருங்கள்.

புரோகிராமுக்குப் புரியாத விதிகள்

எல்லா ஜோக்கையும் புரோகிராமாக எழுதிவிட முடியாது. அன்க்ளூட் தொகுப்பின் ஹர்லூன் ராங்ளர் என்ற கார்டு, எதிராளி ஜீன்ஸ் போன்ற டெனிம் துணி அணிந்திருந்தால் தடுக்க முடியாததாகிவிடும். கேயாஸ் கன்பெட்டி என்ற கார்டை நிஜமாகவே துண்டு துண்டாகக் கிழித்து, ஐந்து அடி தொலைவில் இருந்து வீச வேண்டும். துண்டு எந்தக் கார்டின் மீது விழுகிறதோ அது அழியும். கம்ப்யூட்டர் நம் பேண்டைப் பார்க்குமா, காகிதம் கிழிக்குமா?

இப்படிப்பட்ட கார்டுகளைத் தூரத்தில் இருக்கும் நண்பர்களுடன் ஆட காக்கட்ரைஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் ஓரளவு உதவும். இது விதிகளைச் சோதிக்காது. வெறும் மேஜை போல, கார்டுகளை நகர்த்தவும் பகடை உருட்டவும் இடம் தரும். விதி சரியா என்பதை ஆடுபவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். வீடியோ காலில் பேசிக் கொண்டே ஆடினால் பாதி வேடிக்கை அந்த வாக்குவாதத்தில்தான் இருக்கிறது.

ஆனால் கன்பெட்டியைக் கிழித்தால் அந்தக் கார்டு போனது போனதுதான். ஒரே முறைக்கான ஜோக் அது. நேரத்தைத் தின்னும் ஜோக்குகளும் உண்டு. 1993-ல் வந்த ஷெஹராசாட் கார்டைப் போட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே இன்னொரு முழு ஆட்டம் ஆட வேண்டும். அதில் தோற்றவர் முதல் ஆட்டத்தில் பாதி உயிரை இழப்பார். உள் ஆட்டத்திலும் இன்னொரு ஷெஹராசாட் வந்தால்? புரோகிராமர்கள் இதை ரிகர்ஷன் என்பார்கள். எங்களைப் போல இரவு பத்து மணிக்குக் கடைசி ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இதை வேறு பெயரில் திட்டுவார்கள். போட்டிகளில் இதற்குத் தடை இருக்கிறது.

தீராத ஜோக்கை எப்படி உருவாக்கினார்கள்?

2017-ல் வந்த அன்ஸ்டேபிள் தொகுப்பில் ஒரு நல்ல வழி கண்டார்கள். ஹோஸ்ட், ஆக்மென்ட் என்று இரண்டு வகைக் கார்டுகள். ஒன்று முழு விலங்கு. மற்றது, இன்னொரு விலங்கோடு ஒட்டக் காத்திருக்கும் பாதி விலங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒட்டினால் பெயர், படம், விதி மூன்றும் சேர்ந்து புதிய பிராணி கிடைக்கும். அணில்பாதி, பூனைபாதி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 ஹோஸ்ட், 10 ஆக்மென்ட் என 20 கார்டுகள் இருந்தால் 20 ஜோக் அல்ல, 10 பெருக்கல் 10, அதாவது 100 ஜோக்குகள். அவற்றில் எது வரும் என்று கார்டை வடிவமைத்தவருக்கே தெரியாது. எதை எதோடு ஒட்டினால் ஆட்டத்திற்குப் பலம் என்ற யோசனையும் கூடவே ஓடும். ஜோக்கை அச்சிட்டுத் தராமல், ஜோக் செய்யும் கருவியை ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கப் பாடமும் ஒன்று உண்டு. அன்பினிட்டியில் கார்டுகள் மீது ஸ்டிக்கர் ஒட்டும் விதி வந்தது. அதில் சில கார்டுகளைப் போட்டிகளிலும் அனுமதித்தார்கள். பெயரில் வெற்றுக்கோடு விட்டிருக்கும் ஒரு கோப்ளின் கார்டு, ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை வெவ்வேறு உயிரெழுத்துகள் இருக்கிறதோ அத்தனை சிவப்பு மானா தரும். வீட்டில் இது நல்ல சிரிப்பு. லெகசி என்ற போட்டி வகையில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்டிக்கர் தாள்களோடு வந்து உட்கார்ந்தார்கள். 2024 மே மாதம் லெகசி, வின்டேஜ் இரண்டிலும் ஸ்டிக்கர் கார்டுகள் தடை செய்யப்பட்டன. சிரிக்க வராதவர் முன்னால் ஜோக் சொன்னால் அது தொந்தரவாகிவிடுகிறது.

ஐந்து கேள்விகள்

நீங்கள் வாங்கப் போகும் கார்டு அல்லது நீங்களே எழுதிய விதி நன்றாக இருக்குமா என்று அறிய, கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஜெயிக்க விரும்புபவர் செய்யும் சிறந்த செயல், பார்க்கவும் செய்யவும் இனிமையாக இருக்கிறதா? காட்சா இங்கேயே தோற்றுவிடும்.

2. ஆடுபவர் எடுக்க ஒரு முடிவாவது இருக்கிறதா? எப்போது, எத்தனை முறை, எதனோடு என்பதில் ஏதாவது ஒன்று வேண்டும்.

3. பத்தாவது முறையும் புதிதாக ஏதாவது நடக்குமா?

4. உடை, குரல், உடல் ஆகியவற்றைத் தொடும் விதி என்றால் மேஜையில் உள்ள எல்லோரும் முன்கூட்டியே சம்மதித்தார்களா?

5. ஜோக்குக்கு ஆகும் நேரம், அதில் கிடைக்கும் சிரிப்புக்குத் தகுமா?

ஐந்துக்கும் ஆம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். முதல் கேள்விக்கு இல்லை என்றால் மற்ற நான்கும் சரியாக இருந்தும் பயனில்லை.

வீட்டிலேயே சோதிக்க விரும்பினால், வேர்ட் தொகுப்பில் ஏ4 பக்கத்தில் மூன்றுக்கு மூன்று என ஒரு டேபிள் அமையுங்கள். செல் அகலம் 6.3 செ.மீ., உயரம் 8.8 செ.மீ. கொடுங்கள். இது மேஜிக் கார்டின் அளவு. மூன்று கார்டுகளின் அகலம் 18.9 செ.மீ. என்பதால் பக்கத்தின் ஓரங்களை 1 செ.மீ. ஆகக் குறைத்துக் கொள்ள வேண்டும். உங்கள் விதிகளை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, வெட்டி, பழைய சீட்டுகள் மீது ஒட்டினால் கார்டு தயார். பகடை, நாணயம் வரும் விதிகளை மட்டும் முன்கூட்டியே எக்செல்லில் 1,000 முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் எல்லோருக்கும் அனுப்பினேன். காட்சாவை எடுத்துவிட்டு, பகடைக் கார்டுகளையும் ஒட்டு விலங்குகளையும் வைத்துக் கொண்டோம். எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள். அடுத்த மாதம் வேலை இருக்கிறது என்று சொன்னவன், "பகடையை நான்தான் கொண்டு வருவேன்" என்று பதில் அனுப்பினான்.

ஆக, நகைச்சுவை விதிகள் விளையாடச் சுவையானவையா? ஆம், சிரிப்பவருக்கு நஷ்டம் வராமல் எழுதப்பட்டிருந்தால். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் விதிகளையும் இந்தக் கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். பெரியவர்களை விட அவர்கள் நன்றாகவே எழுதுவார்கள்.